நாலாவது பெஞ்சு

வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் எனக்கு வயிற்றில் லேசாக ஒரு கலக்கம் ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இந்தப் பக்கத்துக்கு மேட்டர் போயாக வேண்டும். 'என்ன சார், ஆச்சா?' என்று உதவி ஆசிரியர் போன் பண்ணுவதற்கு முன்னால் எதையாவது எழுதி அனுப்பிவிட வேண்டும். இதே கலக்கத்தோடு ஊர் ஊருக்கு இன்னொரு கூட்டமும் இருக்கிறது என்பது எனக்கு ஓர் அற்ப ஆறுதல். தேவாலயங்களில் பிரசங்கம் செய்கிறவர்கள். அவர்களுக்கு வியாழனுக்குப் பதில் சனி.

யோசித்துப் பார்த்தால் என் பாடு எவ்வளவோ தேவலை. நான் இந்த வாரம் ஆட்டோ மீட்டரைப் பற்றி எழுதலாம், அடுத்த வாரம் அவியலைப் பற்றி எழுதலாம். பிடிக்கவில்லையா? நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோக்குக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் புரட்டியது எனக்குத் தெரியவும் தெரியாது. பிரசங்கியாருக்கு இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது. எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த வேதபகுதி என்று பல சபைகளில் முன்கூட்டியே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் கதையை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளை கடைசியில் திரும்பி வந்துவிடுவான், அப்பா கட்டிப்பிடித்துக்கொள்வார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். சஸ்பென்ஸ் என்கிற ஐட்டமே இல்லை. யாராவது கொட்டாவி விட்டால் நேராகக் கண்ணில் படும். கொட்டாவி விட்டவரையே திங்கட்கிழமை மார்க்கெட்டில் பார்த்து, 'என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?' என்று சிரிக்கவும் வேண்டும்.

இதைக் கலை என்று சொன்னால் சில போதகர்களுக்குக் கோபம் வருகிறது. 'சொல்வது ஆண்டவருடைய வார்த்தை. இதில் என் கைச்சரக்கு என்ன இருக்கிறது?' என்பார்கள். அவர்கள் தரப்பில் அது நியாயம்தான். ஆனால் சரக்கு மேலிருந்தே வந்தாலும், வந்து இறங்குகிற இடத்தில் அதைப் பிரித்துக் கொடுக்க ஒரு கை வேண்டாமா? அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு.

தமிழில் அந்த வார்த்தைக்கே பாவம், நல்ல பெயர் இல்லை. 'ரொம்பப் பிரசங்கம் பண்ணாதே' என்று வீட்டில் திட்டுகிறோம். 'அதிகப்பிரசங்கி' என்றால் கேட்கவே வேண்டாம். இதனாலேயோ என்னவோ, சபைகள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு மறையுரை. சி.எஸ்.ஐ.காரர்களுக்குப் பழைய பிரசங்கம், இப்போது அருளுரை. பெந்தெகொஸ்தே சபைகளில் 'செய்தி'. 'இன்னிக்கு செய்தி யாரு?' என்று ஒருவர் கேட்டபோது, பத்திரிகைக்காரன் என்பதால் என்னைத்தான் கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கேட்பவர்கள் தூங்குவதும் இன்று நேற்றுச் சமாச்சாரம் இல்லை. பைபிளிலேயே இருக்கிறது. துரோவா என்கிற ஊரில் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போக, மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கிக் கீழே விழுந்துவிடுகிறான். செத்தே போய்விட்டான் என்று தூக்குகிறார்கள். பவுல் இறங்கிப் போய் அவனை உயிரோடு எழுப்புகிறார். அதற்குப் பிறகாவது கூட்டத்தை முடித்தாரா என்றால், இல்லை. மேலே ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டு, விடிய விடியப் பேசிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் புறப்பட்டார். மறைந்த போப் பிரான்சிஸ் 2024 ஜூன் மாதம் ஒரு பொதுச் சந்திப்பில், மறையுரை 8 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று கறாராகச் சொன்னார். ஐத்திகுவுக்கு இது கொஞ்சம் லேட்.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தத் தொழிலைப் பார்த்தாலும் முதலில் அதன் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் தேடுவேன். பிரசங்க உலகத்தில் ஸ்டாக் வைத்திருந்தவர் என்றால் அது லண்டன் ஸ்பர்ஜன்தான். 1854-ல், 19 வயசில், லண்டனில் ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போதகரானவர். கூட்டம் தாங்காமல் 1861-ல் 5,000 பேருக்கு மேல் கொள்ளும் ஒரு மண்டபத்தையே கட்ட வேண்டியிருந்தது. மைக் கிடையாது. தொண்டைதான். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான் குறிப்பு. அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்துக்காரர்கள் எழுதுவார்கள். திங்கட்கிழமை உட்கார்ந்து அதைத் திருத்துவார். வியாழக்கிழமை அச்சாகி வெளியே வரும். விலை ஒரு பென்னி. (பார்த்தீர்களா, அவருக்கும் வியாழக்கிழமை.) 1855-ல் தொடங்கிய இந்த வார வெளியீடு, 1892-ல் அவர் இறந்த பிறகும் நிற்கவில்லை. அச்சாகாமல் கையிருப்பில் இருந்ததை எடுத்து எடுத்து 1917 வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 3,500-க்கும் மேல். ஓனர் காலமாகி 25 வருஷம் கழித்தும் வாரம் தவறாமல் சரக்கு வெளியே போய்க்கொண்டிருந்த கடை வேறு எங்கேயாவது உண்டா? எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடத் தயங்குகிற குளோசிங் ஸ்டாக் அது.

நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் இல்லை. ஆனால் காலேஜ் ஹாஸ்டலில் ரூம் மேட்டாக இருந்த ஒரு நண்பனின் புண்ணியத்தில், தூத்துக்குடிப் பக்கத்தில் அவன் ஊர் சி.எஸ்.ஐ. கோயிலில் ஏழெட்டுப் பெரிய வெள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். (அங்கே சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். போதகரை 'ஐயர்' என்பார்கள். மெட்ராஸிலிருந்து புதிதாகப் போகிறவனுக்குத் தலை சுற்றும்.) இந்தக் கலையில் யாருக்கு எவ்வளவு கைவந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், மற்ற நாட்களை விட்டுவிடுங்கள். பெரிய வெள்ளி மத்தியானம் 12 மணிக்குப் போய் உட்காருங்கள்.

மூன்று மணி நேர ஆராதனை அது. ஏசுநாதர் சிலுவையில் தொங்கியபோது சொன்னதாகச் சுவிசேஷங்கள் சொல்கிற ஏழு வாசகங்கள். 'ஏழு வார்த்தைகள்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம், நடுவில் பாட்டு, ஜெபம். சில இடங்களில் ஒருவரே ஏழையும் பேசுவார். பல இடங்களில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஏப்ரல் வெயில். மேலே மின்விசிறி அனலைக் கிளறிக்கொண்டிருக்கும். பாதிப் பேர் உபவாசம். இந்த நிலைமையில், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கேட்ட அதே ஏழு வாசகங்களைப் பற்றிப் பேச வேண்டும். புது விஷயத்துக்கு ஒரு மில்லி மீட்டர் இடம் கிடையாது.

இந்த வழக்கம் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் அமெரிக்காவில், பெரு நாட்டு லிமா நகரத்தில், ஏசு சபைக் குருமார்கள் தொடங்கிவைத்தது என்கிறார்கள். அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய், உலகம் சுற்றி, சபை எல்லைகளையும் தாண்டி, நம் பனங்காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்பெயினில் காதிஸ் என்கிற ஊரில் நடந்த விதத்தை இசை மேதை ஹைடன் எழுதிவைத்திருக்கிறார். கோயிலின் சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்களாம். நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு. நண்பகலில் கதவைச் சாத்துவார்கள். பிஷப் மேடை ஏறி ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கிவிட்டு, இறங்கி முழங்காலில் நிற்பார். அந்த இடைவெளியை நிரப்ப இசை வேண்டும். அந்த வேலைதான் 1780-களில் ஹைடனிடம் வந்தது. தலா பத்து நிமிஷம், ஏழும் மெதுவான கதி, கேட்பவர்கள் சோர்ந்துவிடவும் கூடாது. அது லேசான வேலையாக இல்லை என்று ஹைடனே ஒப்புக்கொள்கிறார். ஹைடனுக்காவது வயலினும் செல்லோவும் இருந்தன. நம் ஊர் ஆட்களிடம் இருப்பது கரகரக்கிற ஒரு மைக்.

அந்த ஊரில் ஒரு ரிட்டயர்ட் ஹெச்.எம். இருக்கிறார். முறைப்படி குருப்பட்டம் பெற்றவர் இல்லை. ஆனால் ஐயர் இல்லாத ஞாயிறுகளில் அவர்தான் பேசுவார். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல். ஆனால் எப்படியோ அவர் பேசினால் பின் பெஞ்சில் பையன்கள்கூட செல்போனை உள்ளே வைத்துவிடுவார்கள். 2017-ல் அவருக்கு மூன்றாவது வார்த்தை கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம் பெரிய வெள்ளியும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாள், ஏப்ரல் 14.

மூன்றாவது வார்த்தை என்பது, சிலுவையின் அடியில் நிற்கிற தாயைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற சீடனை இனி மகனாக வைத்துக்கொள்ளச் சொல்கிற இடம். அந்தச் சீடனிடம் தாயை ஒப்படைக்கிற இடம்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஜனவரியில்தான் என் நண்பனின் அண்ணன் பைக் விபத்தில் போயிருந்தான். நாற்பத்து இரண்டு வயசு. அம்மா, கோயிலில் எப்போதும் உட்காரும் இடத்தில், இடது பக்கம் நாலாவது பெஞ்சில், வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பார். மூன்று மாசமாக அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்கு 'ம்', 'வேண்டாம்', 'சரி'. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ராத்திரி ஹெச்.எம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீளமான ஒரு கணக்கு நோட்டில்தான் அவர் பிரசங்கம் எழுதுவார். அதை என் பக்கம் திருப்பினார். மூன்று ஆரம்பங்கள். மூன்றும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன.

"நீங்க பேப்பர்காரர். சொல்லுங்க. மகனப் பறிகொடுத்த ஒரு தாய் முன்னால உக்காந்திருக்கா. அவ முன்னால நின்னு, மகனப் பறிகொடுத்த ஒரு தாயப் பத்திப் பேசணும். எப்படிப் பேசுவிய?"

"வேற யாருக்காவது மாத்திக் குடுத்திடலாமே சார். நீங்க அஞ்சாவது வார்த்தையை எடுத்துக்கலாம்" என்றேன்.

"நானும் நெனச்சேன். யாரு பேசினாலும் அந்த வார்த்தை வரத்தான செய்யும்? மேல, நான் மாத்திக்கிட்டா அது தனக்காகத்தான்னு அந்தம்மாவுக்குத் தெரியும். அது இன்னும் சங்கடம்."

அடித்திருந்த மூன்றையும் படித்துப் பார்த்தேன். முதலாவது, சிலுவையடியில் ஒரு புதுக் குடும்பம் பிறந்தது, அதுதான் திருச்சபை என்று போயிற்று. சரியான கருத்துதான், ஆனால் பாடப் புத்தகம். இரண்டாவது, ரோமில் இருக்கும் மைக்கேல் ஆஞ்சலோவின் சிலை, மடியில் மகனைக் கிடத்தியிருக்கும் மரியாள். அழகாக எழுதியிருந்தார். "அழ வச்சிரும். அழ வைக்கது லேசு" என்று அடித்துவிட்டார். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் ஆண்டவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்கிற ஆறுதல். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் மறக்கவில்லை. "இத அடக்கத்தன்னைக்கே ஒரு பதினஞ்சு பேரு அவங்ககிட்ட சொல்லிட்டாவ."

இந்த மூன்று அடித்தல்களைத்தான் நான் கலை என்கிறேன். ஏற்ற இறக்கத்தை அல்ல. இப்போது ஊருக்கு ஊர் கன்வென்ஷன் கூட்டங்களில் எக்கோ வைத்த மைக்கில், தொண்டை நரம்பு புடைக்க, அமெரிக்க டிவி ஊழியர்கள் மாதிரியே மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பேசுகிறார்கள். அதில் நல்ல திறமைசாலிகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்பவன் பத்தாயிரத்தில் ஒருவன். நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் என்று பேசுகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கு இன்டர்நெட்டில் தேதி வாரியாக ரெடிமேட் பிரசங்கங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கேட்டால் மெஷினே ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடும், மூன்று பாயின்ட்டும் ஒரு குட்டிக் கதையுமாக. திண்ணையில் அடிபட்டவையும் ஏறக்குறைய அந்தத் தரத்தில் இருந்தவைதான்.

மறுநாள் அவர் பதினோரு நிமிஷம் பேசினார். யோவான் சுவிசேஷத்தில் அந்த வார்த்தைக்குப் பிறகு ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. அந்த நேரம் முதல் அந்தச் சீடன் அவளைத் தன்னிடத்தில் சேர்த்துக்கொண்டான் என்று. ஏசு சொன்னது அல்ல, எழுதியவர் சொல்வது. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஹெச்.எம். அங்கேயே நின்றுவிட்டார். தாயின் கண்ணீருக்கும் போகவில்லை, மகனின் காயத்துக்கும் போகவில்லை.

எந்த வீடு அது என்று கேட்டார். அந்தச் சீடன் கலிலேயாக்காரன், மீன் பிடிக்கிறவன் என்றல்லவா சொல்கிறோம், எருசலேமில் அவனுக்கு ஏது வீடு? சொந்தமா, வாடகையா, உறவுக்காரர் வீடா? அந்த வீட்டில் பெண்கள் யாராவது இருந்தார்களா? ராத்திரி தாகம் எடுத்தால் தண்ணீர்ப் பானை எந்த மூலையில் இருக்கிறது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்குமா? பாயை எங்கே விரித்துக் கொடுத்திருப்பார்கள்? புது இடத்தில் தூக்கம் வருமா? அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் சமைத்தார்கள்? அவள் சாப்பிட்டாளா?

ஒரு கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை. வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, போய் உட்கார்ந்துவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் நாலாவது பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே கஞ்சியும் சிறுபயறுத் துவையலும் கொடுத்தார்கள். அம்மா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஹெச்.எம். வீட்டுக்கு வந்தார். நண்பன் நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காரும் முன்னாலேயே அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"சார், நேத்து நீங்க சொன்னதுல ஒண்ணு சரியில்ல."

"எதும்மா?"

"அன்னைக்கு ராத்திரி யாரு சமைச்சான்னு கேட்டிய. துட்டி வீட்டுல எவ அடுப்பு பத்த வைப்பா? அக்கம்பக்கத்துல உள்ளவியதான் கொண்டாந்து குடுத்திருப்பாவ. இங்க பத்து நாளு வந்துச்சுல்லா. மூணாவது வீட்டுக்காரி கொண்டாந்த ரசம் ஒரே உப்பு. வாயில வைக்க முடியல. அதத்தான் குடிச்சேன். அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு, குடிச்சு முடிச்சாத்தான் போவேன்னுட்டா."

அப்புறம் அந்தப் பத்து நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். யார் யார் என்ன கொண்டுவந்தார்கள், எந்தப் பாத்திரம் யாருடையது, இன்னும் திருப்பிக் கொடுக்காமல் பரணில் இருக்கும் ஒரு தூக்குவாளி யார் வீட்டுது என்று இருட்டுகிறவரை பேசினார். நடுவில் மகன் பெயரும் இரண்டு தடவை வந்தது. நண்பன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டான். ஹெச்.எம். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் என்னவோ குறித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய பிறகு சும்மா இருக்க முடியாமல் தேடிப் படித்துப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி. யூதர்களின் துக்க வழக்கத்திலும், அடக்கம் முடிந்து வந்து சாப்பிடுகிற முதல் சாப்பாடு துக்க வீட்டாரின் சொந்தச் சாப்பாடாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று தல்மூத்தில் இருக்கிறது.

இப்படிக் கேட்கிறவர்கள் குறுக்கே விழுந்து பிரசங்கத்தைத் திருப்பிவிட்ட சம்பவங்களில் உலகத்துக்கே தெரிந்தது ஒன்று உண்டு. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். லிங்கன் நினைவிடத்துக்கு முன்னால் சுமார் இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் எழுதி எடுத்துவந்த உரையைப் படித்துக்கொண்டிருக்கிறார். கிங்கை நாம் போராட்டத் தலைவர் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அவர் தொழில் பாப்டிஸ்ட் போதகர். அப்பா போதகர், அம்மா வழித் தாத்தா போதகர். சற்று முன்னால் பாடி முடித்திருந்த மஹாலியா ஜாக்சன், பின்னாலிருந்து, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். கிங் கையிலிருந்த தாளை ஓரமாக ஒதுக்குகிறார். அதற்கப்புறம் வந்ததுதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கிற பகுதி. எழுதி வந்த தாளில் அது இல்லவே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது அந்த நிமிஷத்தில் ஆகாயத்திலிருந்து விழவில்லை என்பது. 1962 நவம்பரில் வட கரோலினாவில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் பேசியிருக்கிறார். 1963 ஜூனில் டெட்ராய்ட்டில் பேசியிருக்கிறார். முதல் நாள் ராத்திரி உதவியாளர் ஒருவர், அந்தக் கனவு சமாச்சாரம் வேண்டாம், சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது என்றுகூட ஆலோசனை சொன்னாராம். ஆக, சரக்கு கையிருப்பில் இருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்பதைச் சொன்னது எதிர்ப்பக்கம். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இது சாதாரணம். பிரசங்கியார் ஒரு வரி சொன்னால் சபை ஒரு வரி திருப்பிச் சொல்லும். நன்றாக இருந்தால் ஆமென். அவர் தடுமாறினால், 'ஆண்டவரே, இவருக்கு உதவி செய்யும்' என்று பெஞ்சிலிருந்தே ஒரு குரல் வரும். நம் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த வசதி இருந்தால் நான் எப்போதோ கடையைக் கட்டியிருப்பேன்.

நம் சி.எஸ்.ஐ. பெஞ்சுகளில் இந்தச் சத்தம் வராது. வெள்ளைக்கார மிஷனரி சொல்லிக் கொடுத்த அடக்கம். பெந்தெகொஸ்தே சபைகளில் அல்லேலூயா உண்டு, அதுவும் பல இடங்களில் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று மேடை கேட்டு வாங்குவது. ஆனால் இதே தென்மாவட்டத்து மண்ணில்தான் வில்லுப்பாட்டு இருக்கிறது. முதன்மைப் பாடகர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடாமல் கதை ஓர் அடி நகராது. அந்த 'ஆமா'வுக்கும் 'ஆமெ'னுக்கும் எவ்வளவு தூரம்? கதை சொல்லும் பாட்டி, பேரன் 'உம்' கொட்டுவதை நிறுத்தினால் கதையை நிறுத்திவிடுவாள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதையெல்லாம் தெரிந்தவர். பைபிள் விஷயத்தைக் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் ஆக்கிக் காலட்சேபம் பண்ணினார். நம் காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்றால் தெரியும், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2005-ல் இறந்துபோனார். பாட்டு அப்படி இறங்கிவந்துவிட்டது. பிரசங்கம் மட்டும் ஏனோ இன்னும் மேடை மேலேயே நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். பெஞ்சிலிருந்து வருகிற பதில் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்காருகிறவருக்குத்தான் அது கிடைக்கும்.

2020-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10. ஊரடங்கு. கோயில் பூட்டு. ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகச் செல்போனில் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னார் ஐயர். எல்லாவற்றையும் சேர்த்து யூ-டியூபில் போடுவதாக ஏற்பாடு. ஹெச்.எம்.முக்கு மறுபடியும் மூன்றாவது வார்த்தை. பேத்தி போனை ஸ்டூலில் புத்தகம் அடுக்கி நிறுத்திக் கொடுத்தாளாம். நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் நிறுத்திவிட்டார். "எதுக்க ஒரு மூஞ்சி இல்லாம யார்கிட்டம்மா பேச?" என்றாராம். கடைசியில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய், வெளி வராந்தாவில் வைத்துப் பதிவு பண்ணியிருக்கிறார். ஆறடி தள்ளி, போனுக்குப் பின்னால், நாற்காலி போட்டு அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு.

அந்த வீடியோவை நண்பன் எனக்கு அனுப்பினான். அதே கேள்விகள். வீடு எது, பாய் எங்கே, பானை எங்கே. ஆனால் 'யார் சமைத்தார்கள்' என்ற கேள்வி இல்லை. அந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். சூடான பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்று, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறாள். பிறகு வருகிறாள். அவள் வைத்தது நன்றாக இல்லை. அந்தத் தாய் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் நகரவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைச் சுவிசேஷத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஹெச்.எம். நிறுத்தி, போனைப் பார்க்காமல் கொஞ்சம் மேலே பார்க்கிறார்.

ஹெட்போன் போட்டுக் கேட்டால், போனுக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு சத்தம் பதிவாகியிருக்கிறது. 'உம்' என்று. அவர் மேலே தொடர்கிறார்.